மாமன் வரிசையில் ஏழாவது தலை

கோயம்புத்தூர்க்காரனுக்குப் புதுச்சேரி வெளிநாடுதான். பாஸ்போர்ட் கேட்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். விழுப்புரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எல்லை வந்துவிட்டது என்று ஒயின் ஷாப் போர்டுகளே சொல்லிவிடுகின்றன. சரி, வந்துவிட்டோம் என்று பையைத் தூக்கினால் மறுபடியும் தமிழ்நாடு வருகிறது. இன்னும் கொஞ்சம் போனால் மறுபடியும் புதுச்சேரி. பாகூர் பக்கம் இன்னும் மோசம். ஒரு வயலுக்கு இந்த வரப்பில் ஒரு அரசாங்கம், அந்த வரப்பில் இன்னொரு அரசாங்கம். நாற்று நடுகிறவர்கள் யாரும் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. உறவு வளர்க்கப் போனேன். அதுவும் மூன்று நாளில் நூறு உறவு.

சிங்காநல்லூர்ப் பக்கம் எனக்கு ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை இருக்கிறது. வயலில் கிடக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தபடியே செல்போனில் ஓடவிடவும் நிறுத்தவும் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறோம். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். பெரிய கம்பெனிகள் அதே பெட்டியைப் பளபளப்பாகச் செய்து ஊர் ஊராக இறக்கிவிட்டதில் என் சரக்கு அலமாரியை விட்டு நகரவில்லை. புதுச்சேரிப் பக்கம் ஒரு கடைக்காரர் முப்பது பெட்டி எடுத்துக்கொண்டால் இந்த வருஷத்தை ஓட்டிவிடலாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ஒருவரை வேலையை விட்டு நிறுத்த வேண்டும். அதிகச் சம்பளம் வாங்குகிறவர் மரகதம். பதினொரு வருஷமாக என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒயர் பற்றவைக்கிறவர். பட்டறையின் மூளை அவர்தான் என்று நானே பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். அவரிடம் மட்டும் சொன்னதில்லை.

நிறுத்தப்போகிற விஷயத்தையும் அவரிடம் சொல்லவில்லை. ஆர்டரோடு திரும்பிவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை அல்லவா? என் சாமர்த்தியம் அப்படி.

புதுச்சேரியில் நடந்த தொழில் தொடர்பு முகாமுக்கு என்னை அனுப்பிவைத்தது என் மைத்துனர். “இந்தக் காலத்துல சரக்கு முக்கியமில்லீங்க மாமா, கான்டாக்ட்தானுங்க முக்கியம்” என்றார். அவர் போனில் மூவாயிரம் கான்டாக்ட் இருக்கிறது. இரண்டு வருஷமாக அவர் எதையும் விற்று நான் பார்க்கவில்லை. ஆனாலும் கேட்டேன். நடுங்குகிறவன் யார் சொன்னாலும் கேட்பான். அவரே எனக்கு விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்தார். ஒரு மூலையில் என் முகம். “மூஞ்சி இருந்தாத்தானுங்க மாமா மனசுல நிக்கும்” என்று விளக்கம் வேறு.

வெள்ளிக்கிழமை காலை வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் தொடங்கியது. முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகளை யாரும் மேடையிலிருந்து எடுக்கவில்லை. மணமகன் பெயர் பாதி உதிர்ந்திருந்தது, மணமகள் பெயர் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே கோட்டு போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் நின்றார். மின்விசிறி அவருக்கு நேர் மேலே இல்லை. பத்து நிமிஷத்தில் கோட்டின் முதுகு நனைந்துவிட்டது, கழற்றவில்லை. முதல் பார்வைதான் எல்லாம் என்பது அவர் பாடத்தின் முதல் வரி.

அவர் ஆங்கிலத்தில் பேசினார். நமக்குத் தேவையான அளவுக்குத் தமிழில் தருகிறேன்: “உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்நியர் அல்ல. நீங்கள் இன்னும் பயன்படுத்தாத வாய்ப்பு.” என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வடையைக் கடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்குமே எந்த வாய்ப்பும் தென்படவில்லை.

வடையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நன்றாக இருந்தது. முகாமில் ஏமாற்றாத ஒரே சமாச்சாரம் அதுதான். பொங்கல் மட்டும் ஆறிப்போய்க் கரண்டியோடு சேர்ந்து எழுந்து வந்தது. தண்ணீரில் உப்பு. சிறுவாணி குடித்து வளர்ந்தவனை உப்புத் தண்ணீர் குடிக்கவைத்து உறவு வளர்க்கச் சொன்னால் அவன் எப்படி வளர்ப்பான்?

அடுத்து ஒரு நிமிஷ அறிமுகம். ஒவ்வொருவராக எழுந்து தன்னையும் தன் தொழிலையும் அறுபது வினாடியில் சொல்ல வேண்டும், முடிந்ததும் மணி அடிப்பார்கள். கேட்டதில் எனக்கு ஒன்று புரிந்தது. இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகள் ஒரு கூட்டம், மனை விற்கிறவர்கள் அதைவிடப் பெரிய கூட்டம், தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின்காரர்கள், சத்து மாவுக்காரர்கள், கல்யாண வீடியோக்காரர்கள், கடைசியாக நான். மண்டபம் முழுக்க விற்க வந்தவர்கள். வாங்க வந்தவர் ஒருவர்கூட இல்லை. மீன் இல்லாத குளத்தில் நூறு பேர் தூண்டில் போட்டு, ஒருவர் தூண்டிலை ஒருவர் பாராட்டிக்கொண்டிருந்தோம்.

அங்கேதான் சேவியரைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். வில்லியனூர்ப் பக்கம் மாதா கோயிலைச் சேர்ந்த கிராமம் ஒன்றில் வீடு, தவளக்குப்பத்தில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. மற்றவர்கள் என் கார்டை வாங்கிய வேகத்திலேயே பைக்குள் போட்டார்கள். அவர் மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஃபோட்டோ சூப்பராக் கீது சார். மீசை, நெத்தில விபூதி, நல்ல கௌரவமான மூஞ்சி. ஒரிஜினல் காப்பி வாட்ஸ்ஆப்புல போடுங்க சார், வச்சிக்கறேன்.”

என் பெட்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. இருந்தாலும் மூன்று மணி நேரத்தில் என் முகத்தை நிமிர்ந்து பார்த்த முதல் ஆள். உடனே அனுப்பினேன். மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை நூல் பந்து விளையாட்டு. எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். ஒருவர் நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு பந்தை எதிரே வீச வேண்டும், பிடித்தவர் தன் தொழிலைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வீச வேண்டும். கடைசியில் எல்லோரையும் இணைக்கும் வலை உருவாகுமாம். உருவாகத்தான் செய்தது. தேநீர் வந்தபோது யாராலும் வெளியே வர முடியவில்லை. சத்து மாவு அம்மாவின் வளையலில் ஒரு சுற்று, பயிற்சியாளரின் கோட்டுப் பொத்தானில் ஒரு சுற்று. மண்டபத்துச் சமையல்காரர் காய் நறுக்கும் கத்தியோடு வந்து வலையை அறுத்து எங்களை விடுவித்தார். “இன்னா சார் இது, பட்டம் உடறீங்களா?” என்று கேட்டார்.

அறுத்த சூட்டோடு நான் வெளியேறினேன். பாகூரில் வயலும் கரும்பும் நிறைய, அங்கேதான் மோட்டார் கடைகள் இருக்கும் என்று தோன்றியது. எந்த பஸ் என்று டூர்ஸ் அண்ட் டிராவல்ஸ் நடத்துகிற முகாம் நண்பரிடம் கேட்டேன். “நம்மகிட்ட கேட்டீங்கல்ல, உடுங்க” என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் ஒரு பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் தன் கார்டையும் கொடுத்துவிட்டு இறங்கினார். அந்த பஸ் கரியமாணிக்கத்தில் நின்றது, நின்றதுதான். டிரைவர் கீழே இறங்கி முகம் கழுவினார். பாகூருக்கு எப்போது போகும் என்று கேட்டேன். “இது எப்பவும் பாகூர் போனதில்லியே சார்” என்றார். உலகத்தைச் சுற்றிக் காட்டுகிறவர் ஏற்றிவிட்ட பஸ் அது.

கரியமாணிக்கத்தில் பசித்தது. சாலையோரம் ஒரு அம்மா நாலு பெஞ்சு போட்டுச் சாப்பாடு போட்டார். ஏரி விரால் குழம்பு. எங்கள் ஊரில் மீன் என்றால் ஐஸ் பெட்டியில் வருகிற சமாச்சாரம். இங்கே மண்சட்டியிலிருந்து நேராக இலைக்கு வந்தது. புளி தூக்கலாக இருந்தது. இரண்டாம் முறை சோறு கேட்டேன். மூன்றாம் முறை கேட்கக் கூச்சமாக இருந்தது, அவரே போட்டார்.

பக்கத்து பெஞ்சில் குட்டியானை வண்டி ஓட்டுகிற ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிமெண்டு மூட்டை இறக்கப் பாகூர் போகிறாராம். ஏற்றிக்கொண்டார். வழியில் என் கதையைக் கேட்டுவிட்டு, “மோட்டார் சாமானா? கலாவதிக்கா கடைக்கு மிஞ்சி இங்க இன்னா கீது? சுத்துப்பட்டு ஊரு பூரா அதுங்கிட்டதான்” என்றார். கடை வாசலிலேயே இறக்கிவிட்டார். என் கார்டை நீட்டினேன். “கைல சிமெண்டு சார், நீங்களே வச்சிக்குங்க” என்று வண்டியை எடுத்துவிட்டார்.

கலாவதிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். பைப்புகளுக்கும் மோட்டார்களுக்கும் நடுவே நாற்காலி போட்டு, இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். என் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் கையோடு வரவில்லை.

“வேல சுத்தமா கீது” என்றார். எனக்கு உயிர் வந்தது.

“ஆனா வேணாங்க. பெரிய கம்பெனிக்காரன்னா கடலூர்ல ஆபீஸ் வச்சிகினு கீறான், போய் சட்டையப் புடிக்கலாம். நீங்க கோயம்புத்தூரு. ராவுல தண்ணி கட்றப்ப மோட்டாரு நின்னுபோச்சின்னா, காலைல எங்கடை வாசல்ல வந்து நிப்பாங்க. உங்கள நான் எங்க போய்த் தேடறது? இங்க யாருக்கு உங்கள தெரியும்? யாரு வூட்டு விசேஷத்துல வந்து நின்னுகினு இருந்தீங்க?”

முகாமில் கற்ற மூன்று வகைக் கைகுலுக்கலில் எதுவும் இந்தக் கேள்விக்கு உதவாது. நூறு உறவு எனக்கு இருப்பதாகச் சொல்லிப் பார்த்தேன். “யாரு, பேரச் சொல்லுங்க” என்றார். பையிலிருந்த கார்டுகளை எடுத்துப் படித்தேன். ஒருவரையும் அவருக்குத் தெரியவில்லை. அதைவிடக் கேவலம், எந்தக் கார்டு எந்த முகம் என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் கிடைத்த பஸ் தவளக்குப்பத்தோடு முடிந்தது. அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கினேன். கடலூர் ரோட்டு ஹாரன்கள் அறைக்குள்ளேயே அடித்தன. மரகதம் போன் செய்தார். சோதித்து முடித்த பெட்டிகளை அடுக்க இடமில்லை, எங்கே வைப்பது என்று கேட்டார். மேசைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். “போன காரியம் எப்படிங்கண்ணா?” என்றார். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட்டேன். பொய் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது, படுத்தால் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடிக்க இறங்கினேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். நாற்காலியைத் துடைத்தார்.

“இன்னாங்க இன்னும் இங்கியே கீறீங்க? பத்தரைக்குக் காது குத்து, மாமன்காரரு இல்லாம எப்பிடி?”

யாரையோ சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அவர் விரல் சாலைக்கு எதிர்ப்பக்கம் நீண்டிருந்தது. ஜங்ஷனில், எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும் பலகையை முழுசாக மறைத்தபடி ஒரு பேனர். செலியமேட்டில் ஒரு குழந்தைக்குக் காதணி விழா. நடுவில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை. இடது பக்கம் பங்காளிகள் ஏழு தலை. வலது பக்கம் தாய்மாமன்கள் ஏழு தலை. ஏழாவது தலை என்னுடையது. கீழே ‘கோவை சிவசாமி, தொழிலதிபர்’.

டீயை வாங்கவே மறந்துவிட்டேன். பேனரில் என் முகம் பானை அளவுக்கு இருந்தது. விபூதி நன்றாக எடுத்திருந்தது. ஐந்து பேர் வைத்து நடத்தும் தகரக் கொட்டகைக்காரன் ஒரே இரவில் தொழிலதிபராகி, பார்த்தேயிராத ஒரு குழந்தைக்கு மாமனுமாகியிருந்தேன்.

சேவியர் பூசை முடிந்து ஒன்பதரைக்குத்தான் கடை திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

“சார், நேத்து முகாமுலருந்து பாதியில கெளம்பிட்டீங்களே, கோயம்புத்தூரு போயிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்.”

“போயிருந்தா? யாரைக் கேட்டுங்க என் மூஞ்சியப் போட்டீங்க?”

“மாமன் சைடுல ஆறு பேருதான் சார். பங்காளி சைடு ஏழு. அப்பிடியே அடிச்சா இன்னா ஆவும் தெரியுமா? மாமன் சைட கொறைச்சுட்டாங்கன்னு பந்தியிலியே சண்ட வரும். பங்காளி சைடுல ஒரு தலைய எடுத்தா அந்தத் தலை வந்து எங்கடையில நிக்கும். ரெண்டு பக்கமும் சமமா இருந்தாதான் சார் இங்க விசேஷமே நடக்கும். அதுக்குத்தான் நாங்க வெளியூரு மூஞ்சியா நாலு வச்சிருப்போம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகாமுக்கு அவர் தொடர்பு தேடி வரவில்லை. தலை தேடி வந்திருக்கிறார். அத்தனை பேரில், வந்த காரியம் முடிந்து திரும்பிய ஒரே ஆள் அவர்தான்.

“வீட்டுக்காரங்க கேக்க மாட்டாங்களா, இது யாருன்னு?”

“கேக்க மாட்டாங்க சார். கேட்டா, கேக்கறவருக்கு ஆளத் தெரியலன்னு ஆயிடும்ல? மாமன் சைடுக்காரங்க, இது மாப்ள போடச் சொன்ன ஆளுன்னு நெனச்சுக்குவாங்க. பங்காளிங்க, இவரு ஒண்ணுவிட்ட மாமன்னு நெனச்சுக்குவாங்க. இத்தினி வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல.”

எனக்குக் கோபம் தாங்கவில்லை. வீட்டுக்காரர்களிடம் நேரில் சொல்லி என் தலையை இறக்கிவிட்டுத்தான் ஊருக்குப் போவது என்று முடிவு செய்தேன். சேவியர் கெஞ்சிப் பார்த்தார், பிறகு தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டார். வழியில் இன்னும் நான்கு இடங்களில் என்னைப் பார்த்தேன். பாலத்துக்கு அருகே இருந்த பேனரில் ஒரு ஆடு என் மீசைக்குக் கீழே முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

செலியமேட்டில் வீட்டு முன்னால் பந்தல், வாசலில் அதே பேனர். நான் இறங்கியதுமே ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வாங்க வாங்க, கோயம்புத்தூர் மாமன்தான? இம்மா தூரத்துலருந்து வந்துக்கீறீங்களே.” சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு சொம்பு மோர் வந்தது. நாற்காலி வந்தது. என் வாயில் சரியாக உட்கார்ந்திருந்த வாக்கியம் ஒன்று மட்டும் வெளியே வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பந்தலின் எதிர்ப்பக்கம் பட்டுச்சேலையில் கலாவதி நின்றுகொண்டிருந்தார். பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் வீட்டு விசேஷத்தில் நின்றீர்கள் என்று கேட்டவர், நான் ஒரு விசேஷத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். இன்னும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் முப்பது பெட்டி விற்றுவிடும், மரகதத்தை நிறுத்த வேண்டாம். அந்தப் பெரியவர், “கொழந்தையோட அம்மாவுக்கு நீங்க எந்த வழிங்க?” என்று கேட்டபோது, “கொஞ்சம் தூரத்து வழிங்க” என்றேன். தூரம் என்னவோ உண்மைதான்.

பெரிய மாமன் மடியில் குழந்தையை வைத்து ஆசாரி காது குத்தினார். குழந்தை வீரிட்டது. அதோடு முடிந்தது என்று பார்த்தால், புகைப்படக்காரர் ஒவ்வொரு மாமனாக அழைத்து மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தார். ஆறு முடிந்தது. “கோயம்புத்தூர் மாமா!” என்றார். யாரோ என்னைத் தள்ளினார்கள், யாரோ குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அது ஆறு மடிகளில் அழுததைவிட அதிகமாக என் மடியில் அழுதது. அந்தப் பந்தலில் விஷயம் புரிந்த ஒரே ஆள் அதுதான் என்று நினைத்துக்கொண்டு, பல்லைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

பந்தியில் பிரியாணி. கலாவதியே வாளியோடு வந்தார். விருந்தாளி எதற்குப் பரிமாறுகிறார் என்று யோசிப்பதற்குள் என் இலைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“கொழந்தையோட அம்மா என் கடைசித் தங்கச்சி” என்றார், குரலை உயர்த்தாமல். “எங்கூடப் பொறந்த ஆம்பளைங்க ஆறு பேரு. ஆறு பேருக்கும் மூக்கு தொடச்சு உட்டவ நான். ஏழாவதா உன்ன எங்கம்மா எப்ப பெத்துதுன்னு காலைலருந்து யோசன பண்ணிகினு கீறேன்.”

நேற்று ‘நீங்க’ என்றவர் இன்று ‘உன்ன’ என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். முகாம், சேவியர், தூரத்து வழி, முப்பது பெட்டி, மரகதம். கேவலமாக இருந்தது. பக்கத்து இலைக்காரர் கேட்டுவிடக் கூடாதே என்பதிலேயே பாதிக் கவனம் இருந்தது, அது இன்னும் கேவலம்.

“சேவியர் வேலைன்னு பாத்தவுடனே தெரியும்” என்றார். “போன தடவ எங்க சித்தப்பா வூட்டுக் கல்யாணத்துல யாரோ ஒரு பல்லு டாக்டரப் போட்டான்.”

“தெரிஞ்சும் எதுக்குங்க சும்மா இருந்தீங்க?”

“ஏழுக்கு ஏழு சரியா இருந்துச்சி. பங்காளிங்க வாயத் தொறக்கல. என் தங்கச்சி நிம்மதியா சோறு போட்டா. நாங்களும் கம்முனு இருந்துட்டோம்.” ஒரு கரண்டி பிரியாணியை இலையில் கொட்டினார். “உன் பெட்டி முப்பதையும் அனுப்பு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“நேத்து உன்ன யாருக்குத் தெரியும்? இன்னிக்கு தவளக்குப்பத்துலருந்து பாகூர் வரைக்கும் தொங்கிகினு கீற. மோட்டாரு நின்னுச்சின்னா எங்க போய்ப் புடிக்கறதுன்னு ஊருக்கே தெரியும். இனிமே நீ தப்பிக்க முடியாது. ஆனா ஒண்ணு. நீ வராத, உன் பேச்சு எனக்குப் புடிக்கல. அந்த ஒயரு வேல செஞ்ச பொண்ணு, பேரு இன்னா சொன்ன, மரகதம், அத ஒரு வாரம் இங்க அனுப்பு. எங்கடை ஆளுங்களுக்கு ரிப்பேர் கத்துக்குடுக்கட்டும். எங்கூட்டுலியே தங்கிக்கட்டும். அது வந்தாதான் பெட்டிய எறக்குவேன்.”

இலையை மூடிவிட்டு எழுந்தபோது என் கால் தரையில் பாவவில்லை. சேவியர் வாசலில் பீடா போட்டுக்கொண்டு, “பாத்தீங்களா சார், எல்லாம் ஒரு கான்டாக்ட்தான்” என்றார். அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் தவளக்குப்பம் வரை ஸ்கூட்டரில் வந்து இறங்கினேன். முகாமில் அந்நேரம் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். என்னுடையதை யாராவது வைத்துக்கொள்ளட்டும்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே மரகதத்துக்குப் போன் செய்தேன். முப்பது பெட்டி போகிறது என்றேன். பாகூருக்கு அவரே வர வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றேன். குரலில் பெருமை வழிந்திருக்க வேண்டும்.

“ரொம்ப சந்தோசமுங்கண்ணா” என்றார். “நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்ங்க. கணபதில ஒரு கம்பெனில ஒண்ணாந்தேதில இருந்து வரச் சொல்லிட்டாங்க. எங்க வீதிக்கோடி அக்கா அங்க வேலைக்குப் போறாங்க, அவங்கதான் சொல்லிவிட்டாங்க. வர்றேன்னு வார்த்தை குடுத்துட்டனுங்க.”

“ஏன் மரகதம்? நான் ஏதாச்சும் சொன்னேனா?”

“நீங்க ஒண்ணும் சொல்லலீங்கண்ணா. மூணு வாரமா என் மூஞ்சியப் பாத்துப் பேசறதில்லீங்களே. எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க.”

இருந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல என்ன முகம் இருக்கிறது எனக்கு? சாலைக்கு எதிரே பானை அளவுக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“முப்பதையும் இன்னொரு தடவை சரி பாத்து, பெட்டில கட்டி வச்சிட்டுப் போறனுங்க” என்றார். “பாகூருக்கு மட்டும் வேற யாரையாச்சும் பாத்துக்கோங்கண்ணா.”

போனை வைத்தபிறகும் அங்கேயே நின்றேன். கலாவதியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மரகதம் எப்படி இருப்பார் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். பதினொரு வருஷம் எதிரே உட்கார்ந்தவரின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அவர் கண்ணாடி போட்டிருப்பாரா இல்லையா என்பதே எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.